வீடில்லாத வெட்டரன்ஸுக்கான லைஃப் ஸ்கில்ஸ் கிளாஸ்: நாலு ஸ்டார் குடுக்கலாம்

அமெரிக்கால வீடில்லாம தவிக்கிற வெட்டரன்ஸுக்கு, அதாங்க முன்னாள் பட்டாளத்துக்காரங்களுக்கு, தற்காலிகமா தங்க இடம் குடுத்து கூடவே லைஃப் ஸ்கில்ஸ் கிளாஸும் எடுக்கிற ஒரு சென்டருக்கு வாலண்டியரா போயிட்டு இருக்கேன். குறையும் சொல்லப் போறதால பேர் வேணாம். இந்த மாதிரி இடங்களுக்கு வெட்டரன்ஸ் துறை ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்ளோன்னு காசு குடுக்குது, பொதுவா 24 மாசம் வரைக்கும் தங்கலாம்.

பட்ஜெட் கிளாஸ் தான் டாப். சும்மா சேமிங்கன்னு லெக்சர் அடிக்காம அவங்கவங்க பில்லையே எடுத்துட்டு வரச் சொல்லி, ஊனமுற்றோர் உதவித்தொகை மாசத்துக்கு ஒரு தடவ தான் வரும், அதுல மொதல்ல வாடகை, அப்புறம் கரண்ட், போன், மிச்சத்த வாரவாரியா எப்படி பிரிக்கிறதுன்னு உக்காந்து எழுத வைக்கிறாங்க. வாடகை அக்ரிமென்ட் படிக்கிறதும் சூப்பர், லேட் ஃபீ எவ்ளோ, காலி பண்ண எத்தன நாள் முன்னாடி சொல்லணும், டெபாசிட்ட எதுக்கெல்லாம் பிடிப்பாங்கன்னு வரிவரியா போறாங்க, அப்புறம் ஒருத்தர் ஹவுஸ் ஓனரா நடிக்க இன்னொருத்தர் பேரம் பேசணும், செம சிரிப்பு. டிடி 214னு பட்டாளத்துல இருந்து வெளிய வரும்போது குடுக்கிற ஒரு டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்கு, எந்த சலுகை கேட்டு போனாலும் அதத்தான் மொதல்ல கேப்பாங்க, அது தொலைஞ்சிருந்தா திரும்ப வாங்க எப்படி அப்ளை பண்றதுன்னும் கூட உக்காந்து செஞ்சு குடுக்கிறாங்க.

சமையல் ஓகே. கோபத்த அடக்குற கிளாஸ் வேஸ்ட், முழுக்க ஸ்லைடு, பாதி பேர் தூங்கிட்டாங்க. எல்லா கிளாஸும் மத்தியானத்துல வச்சா வேலைக்குப் போக ஆரம்பிச்சவங்க எப்படி வருவாங்க, இத யாரும் யோசிச்ச மாதிரியே தெரியல.

சமைக்கத் தெரியாததால யாரும் தெருவுக்கு வரல, அதையும் சொல்லிடணும். ஏறுற வாடகை, உடம்புல காயம், மனசுல இருந்து போகாத போர், குடும்பம் உடையறதுன்னு காரணம் ஏகப்பட்டது. 2010ல 74,000க்கு மேல இருந்த வீடில்லாத வெட்டரன்ஸ் எண்ணிக்க 2024 ஜனவரி கணக்குல 32,882ஆ இறங்குனதுக்கு வாடகை வவுச்சர் பெரிய காரணம், ஹட்-வாஷ்னு சொல்வாங்க, வருமானத்துல சுமாரா 30 சதவீதம் அவங்க வாடகையா கட்டுனா போதும், மிச்சத்த வவுச்சர் பாத்துக்கும், கூடவே இருந்து உதவி பண்ண ஒரு கேஸ் மேனேஜரும் உண்டு. வவுச்சர்ல கிடைச்ச வீட்ட கையவிட்டுப் போகாம பாத்துக்கத்தான் இந்த கிளாஸ்.

ஒரு ஸ்டார் கட் பண்ணது எதுக்குன்னா, சாவி கைக்கு வந்த அன்னிக்கே இங்க கிளாஸ் முடிஞ்சுடுது. தனியா ஒரு ரூம்ல மொத மாசம் ஓட்டுறது தான் இருக்கறதுலயே கஷ்டம், அப்போ பில் குழப்பத்துக்கு போன் பண்ணிக் கேக்கக்கூட இங்க ஆள் இல்ல.

வாலண்டியரா போறவங்க சாயந்திர பேட்ச் ஆரம்பிக்கச் சொல்லி கேளுங்க, நாலு பேர் கேட்டா வைப்பாங்கன்னு நினைக்கிறேன். பேக்ரவுண்ட் செக்குக்கு டைம் ஆகும், சீக்கிரமே ஃபார்ம் குடுத்துடுங்க.