டார்ட்மண்ட் ஸ்டேடியம்: மஞ்சள் சுவரை எங்கிருந்து பார்ப்பது?

ஜெர்மன் கால்பந்து கிளப்பான பொருசியா டார்ட்மண்டின் ஆட்டத்துக்குப் போகும் வெளியூர்க்காரர்கள் முதலில் தேடுவது தெற்கு ஸ்டாண்ட் டிக்கெட்டைத்தான். சுமார் 25,000 பேர் நின்றபடி ஆட்டம் பார்க்கும் இடம். மஞ்சள் உடை ரசிகர் கூட்டத்தால் 'மஞ்சள் சுவர்' என்று பெயர். பெரும்பாலான இடங்கள் சீசன் டிக்கெட்காரர்கள் கையில். தப்பித் தவறிக் கிடைத்தாலும், கீழ்வரிசைகளில் கொடிகள் வீசும்போது பந்து எங்கே போனது என்றே தெரியாது. கூடவே பாட ஆசை என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் சுவருக்குள் நிற்பவருக்குச் சுவர் தெரியாதே!

எங்கள் தேர்வு மேற்கு ஸ்டாண்ட். ஆட்டமும் தெரியும், தெற்கே சுவரும் தெரியும். கிழக்கில் உட்கார்ந்தால் சனிக்கிழமை மாலை 3.30 ஆட்டங்களில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். வடக்கிலிருந்து சுவர் நேரெதிரே தெரியும்; எதிரணி ரசிகர்களுக்கான பகுதியும் அந்தப் பக்கம்தான் என்பதால், பிளாக் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டிக்கெட்டை கிளப்பின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்கவும். வெளியாள் விற்கும் டிக்கெட்டை கிளப் ரத்து செய்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

ஏ4 அளவுக்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். நீல நிறச் சட்டை வேண்டாம். அது பக்கத்து ஊர்ப் போட்டிக் கிளப்பான ஷால்கவின் நிறம்.

வடகிழக்கு மூலையில் இருக்கும் கிளப் அருங்காட்சியகம் 1966, 1997 ஐரோப்பியக் கோப்பைகளுக்காகவே பார்க்கத் தக்கது. ஆனால் கோப்பைகளை மட்டும் பார்த்தால் கிளப் பிடிபடாது. 1909 டிசம்பரில் போர்சிக்பிளாட்ஸ் சதுக்கத்துப் பக்கம், பந்தாட்டத்தை வெறுத்த பாதிரியாரை மீறி, சில இளைஞர்கள் ஒரு மதுக்கடையில் கூடித் தொடங்கியது இது. சுற்றிலும் இரும்பாலைத் தொழிலாளர் குடியிருப்புகள். 2000-இல் பங்குச் சந்தைக்குப் போன முதல் ஜெர்மன் கிளப், 2005-இல் திவால் விளிம்புக்கே போய்விட்டது. அதிலிருந்து மீண்டு 2011, 2012 இரண்டு ஆண்டும் ஜெர்மன் லீக் பட்டம்! ரசிகர்கள் கண்மூடித்தனமான பக்தர்கள் அல்ல. 2016-இல் ஷ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பை ஆட்டத்தில் டிக்கெட் விலையைக் கண்டித்துத் தாமதமாக உள்ளே வந்து, டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசினார்கள்.

கிளப் பிறந்த போர்சிக்பிளாட்ஸுக்கு ரைனோல்டிகிர்ஹே நிலையத்தில் யூ44 நகர ரயில் ஏறுங்கள். மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு யூ45. ஆட்டம் முடிந்ததும் 80,000 பேர் அதே ரயிலுக்கு முண்டியடிப்பார்கள். மத்திய நிலையத்துக்கு மூன்று கிலோமீட்டர்தான், கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிடுவது உத்தமம்.