‘கட்டி கரைந்துவிட்டது’ என்று ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள்

‘சாக்லேட் சிஸ்ட்டை அறுவை சிகிச்சையின்றி 90 நாளில் கரைக்கிறோம்’ என்று பலகை மாட்டியிருக்கும் இடத்துக்குள் போகாதீர்கள். நான் போனேன்.

பதினைந்து வயதிலிருந்து மாதவிலக்கின் முதல் இரண்டு நாளும் எனக்குச் சுருண்டு படுக்கும் வலி. ‘எல்லாருக்கும் வருவதுதானே’ என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் காதில் விழும்போது எனக்கு வயது 28. கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு வெளியே, கண்ட இடத்தில் வளர்கிறது. சினைப்பையில் வளர்ந்தால் பழைய ரத்தம் தேங்கிப் பழுப்பாகக் கட்டிக்கொள்கிறது, அதுதான் சாக்லேட் சிஸ்ட் என்று டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். பிறப்புறுப்பு வழியாகச் செய்த ஸ்கேனில் என் இடது சினைப்பையில் 34 மில்லிமீட்டர். டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை எழுதித் தந்தார், 2 மில்லிகிராம், தினம் ஒன்று. “இது கட்டியைக் கரைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். நோயை அடக்கி வைக்கும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது” என்றார்.

முதல் இரண்டு மாதம் விட்டுவிட்டு ரத்தக்கசிவு, தலைவலி, காரணமில்லாத அழுகை. அந்த நேரம் பார்த்து நாத்தனார் இந்த இடத்தைச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் நம்பித்தான் சொன்னார்.

ஒன்றரை மணி நேர பஸ் பயணம். சுவர் முழுக்க ‘சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்’ ஸ்கேன் படங்கள். வெள்ளைக் கோட்டு அணிந்த அம்மாள் என் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது கருப்பையையே காயவைத்துவிடும் கண்ணு, இன்றோடு நிறுத்திவிடு” என்றார். ஒரு டப்பா 16,500 ரூபாய், மூன்று டப்பா. பணம் போனில் போய்ச் சேர்ந்தது ஒரு தனிநபர் கணக்குக்கு. ரசீது கேட்டதற்குத் துண்டுத்தாளில் ‘ஆலோசனை’ என்று மட்டும் எழுதித் தந்தார்கள்.

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மூக்கைத் துளைக்கும் சுக்கு வாசனை. லேபிளில் ‘காலை, மாலை, வெந்நீரில்’ என்பதற்கு மேல் ஓர் எழுத்தில்லை. தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தொகுதி எண், தேதி எதுவும் இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்துக்கும் இவையெல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எனக்கு அப்போது தெரியாது. சித்த மருத்துவத்தோடு எனக்குச் சண்டையில்லை. என் அப்பா மூட்டுவலிக்கு அரசு சித்த மருத்துவமனைக்குத்தான் போகிறார். அங்கே சீட்டில் மருந்தின் பெயரை எழுதித் தருகிறார்கள்.

மாத்திரையை நிறுத்தியதும் வந்த மாதவிலக்கில் குளியலறைத் தரையில் கிடந்தேன். போனில் கேட்டால், “நஞ்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி.” எது நடந்தாலும் அவர்களுக்கு நல்ல அறிகுறிதான்.

தொண்ணூறாம் நாள் அவர்களே சொன்ன இடத்தில் ஸ்கேன். சிறுநீர்ப்பை நிறையும்வரைகூடக் காத்திருக்கவில்லை, வயிற்றின் மேல் கருவியை ஓட்டி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ‘சிஸ்ட் இல்லை’ என்று ரிப்போர்ட். மாமியார் கோயிலில் அர்ச்சனை செய்தார். மூன்றாவது டப்பாவைப் பிரிக்கவே இல்லை.

நான்கு மாதம் கழித்து ஓர் இரவு, மலம் கழிக்கக்கூட முடியாத வலி. பழைய டாக்டரிடமே தலைகுனிந்து போனேன். அவர் திட்டவில்லை. மறுபடி ஸ்கேன் செய்தார்: 61 மில்லிமீட்டர். பிறகு அந்த ‘சிஸ்ட் இல்லை’ ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பேனாவால் சுட்டினார். வலது சினைப்பை 3.0 × 2.0 செ.மீ. இடது சினைப்பை 3.0 × 2.0 செ.மீ. இரண்டையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல.

சுவரில் இருந்த படங்களைப் பற்றிக் கேட்டேன். மாதச் சுழற்சியில் வரும் சாதாரண நீர்க்கட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் தானாகவே மறையும், அப்படிப்பட்டவையாக இருக்கலாம் என்றார். தானாகப் போவதற்குத்தான் அங்கே 49,500 ரூபாய். சாக்லேட் சிஸ்ட் அப்படிப் போகிற ஜாதியில்லை.

லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை, ஆயிற்று. குடலோடு ஒட்டியிருந்ததைப் பிரித்தெடுத்தார்கள். கட்டியின் சுவரை உரிக்கும்போது நல்ல திசுவும் கொஞ்சம் போகும், கருமுட்டை இருப்பு குறையலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். குழந்தை இன்னும் இல்லாத எனக்கு அந்தக் கையெழுத்தைப் போடுவது எப்படியிருந்திருக்கும் என்பதை எழுதப்போவதில்லை. இப்போது மீண்டும் அதே மாத்திரை. கசிவு மூன்றாம் மாதத்தில் நின்றது.

மாதவிலக்குக் கோளாறையும் கருப்பை நோய்களையும் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மந்திர நிவாரணச் சட்டமே தடை செய்கிறது. அந்தப் பலகையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. துண்டுத்தாள் ரசீதைவிட போனில் பணம் அனுப்பிய பதிவுதான் எனக்குக் கைகொடுக்கிறது.

கடந்த வாரம் அங்கிருந்து அழைத்தார்கள். பாதிப் பணம் தருகிறார்களாம், பிரிக்காத டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். அது அலமாரியில் பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது.