எக்ஸ்-பார் ஆர் சார்ட்: எட்டு வருடம் போட்ட பிறகு

சிஎன்சி லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் மெஷினில்) 25 மில்லிமீட்டர் விட்டத்துக்குத் தண்டு கடையும் பிரிவில் எட்டு வருடமாக எக்ஸ்-பார் ஆர் சார்ட், அதாவது மெஷின் சீராக ஓடுகிறதா என்று பார்க்கும் தரக் கட்டுப்பாட்டுப் படம், போட்டு வருகிறேன். டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் விலகல், மேலே 10 மைக்ரான், கீழே 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மணிக்கு ஒரு தடவை, அடுத்தடுத்து இறங்கும் ஐந்து தண்டுகளை அளந்து, சராசரியை ஒரு படத்திலும், பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வீச்சை இன்னொரு படத்திலும் குறிப்போம். வேலை அவ்வளவுதான்.

முதலில் இப்படி ஐந்து ஐந்தாக 25 துணைக்குழுக்கள் எடுத்தோம். வீச்சின் சராசரி 7 மைக்ரான் வந்தது. ஐந்தின் துணைக்குழுவுக்கான அட்டவணை எண் 0.577-ஆல் அதைப் பெருக்கினால், சராசரிப் படத்தின் கட்டுப்பாட்டு எல்லை மையக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 4 மைக்ரான்; புள்ளி அதைத் தாண்டினால் மெஷினை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். "10 வரைக்கும் போகலாமே, 5 வந்தாலே எதுக்கு மெஷினை நிறுத்தணும்?" என்று ஆபரேட்டர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. டாலரன்ஸ் வாடிக்கையாளர் கேட்பது. கட்டுப்பாட்டு எல்லை மெஷினின் சொந்த நடத்தையிலிருந்து வருவது. டாலரன்ஸ் தனித் தண்டுக்கு, கட்டுப்பாட்டு எல்லை ஐந்தின் சராசரிக்கு. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து மூன்று மாதம் குழம்பினோம். தயவுசெய்து நீங்கள் அப்படி வரையாதீர்கள்.

அதைவிடப் பெரிய பாடம் வேறு உருவத்தில் வந்தது. எங்கள் சராசரிப் புள்ளிகள் எல்லாம் மையக்கோட்டை ஒட்டியே ஓடின. 2 மைக்ரான்கூட விலகவில்லை. அருமையாக ஓடுகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் மையத்திலிருந்து எல்லை வரை உள்ள தூரத்தில் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே 15 புள்ளிகள் தொடர்ந்து விழுந்தால், அதுவும் எச்சரிக்கைதான். சரி, என்னதான் நடக்கிறது என்று ஒரு ஷிஃப்ட் முழுக்க மெஷின் பக்கத்திலேயே நின்றேன். ஆபரேட்டர்கள் ஒவ்வொரு தண்டையும் அளந்து, 3 மைக்ரான் கூட இருந்தால் உடனே ஆஃப்செட்டில் (மெஷினில் வெட்டும் அளவைத் திருத்தும் எண்ணில்) 3 குறைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கறையோடு செய்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 3 மைக்ரான் மெஷினின் இயல்பான ஆட்டம். அதைத் துரத்தினால் ஒரு தண்டின் ஆட்டம் அடுத்த தண்டிலும் ஏறுகிறது. அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தின் வர்க்கம் இரட்டிப்பாகிறது. அதாவது திட்டவிலக்கம் சுமார் 1.41 மடங்கு. தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் புனலையும் கோலிக்குண்டையும் வைத்துக் காட்டிய விஷயம் இதுதான். ஐந்தின் சராசரியில் கூடலும் குறைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் படம் மட்டும் அழகாக இருந்தது.

எல்லை தாண்டாமல் ஆஃப்செட்டைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தோம். அந்த முதல் வாரம் எல்லோருக்கும் கை பரபரத்தது. வீச்சின் சராசரி 7-லிருந்து 5-க்கு இறங்கியது. ஐந்தின் துணைக்குழுவுக்கான இன்னொரு அட்டவணை எண் 2.326-ஆல் வகுத்தால் சிக்மா, அதாவது திட்டவிலக்கம், 3 மைக்ரானிலிருந்து 2.15. டாலரன்ஸின் முழு அகலத்தை ஆறு சிக்மாவால் வகுத்து வரும் சிபி 1.11-லிருந்து 1.55 ஆனது. புது மெஷின் இல்லை, புது டூல் இல்லை. 1924-இல் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் முதன்முதலில் கட்டுப்பாட்டுப் படத்தை ஒரு குறிப்பில் வரைந்து கொடுத்தபோது பிரிக்க நினைத்ததே இயல்பான ஆட்டத்தையும் தனிக் காரணத்தையும்தான். அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கையை எடுத்த பிறகு இன்செர்ட் (டூலில் வெட்டும் முனைத் துண்டு) தேய்வது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. சராசரி மெதுவாக மேலே ஏறும். இப்போது அது எல்லையைத் தொடுவதற்கு முன்பே இன்செர்ட்டை மாற்றிவிடுகிறோம். அப்புறம் மைக்ரோமீட்டர். ஒரே தண்டை மூன்று பேரிடம் கொடுத்து அளக்கச் சொல்லிப் பாருங்கள். அளவீட்டு ஆட்டமே மொத்த ஆட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வந்தால், சார்ட் போடுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எக்ஸ்-பார் ஆர் சார்ட்டில் குறையும் உண்டு. சிறிய நகர்வுகளை இது தாமதமாகத்தான் பிடிக்கும். சராசரி அரை சிக்மா நகர்ந்தால், ஐந்தின் துணைக்குழுவில் அது எல்லை தாண்டச் சராசரியாக 33 புள்ளிகள் ஆகும். மணிக்கு ஒன்று என்றால் நான்கு ஷிஃப்ட் போய்விடும். அதனால் இரண்டு மெஷின்களில் ஈடபிள்யூஎம்ஏ (புதிய புள்ளிகளுக்கு அதிக எடை தரும் நகரும் சராசரி) சார்ட்டுக்கு மாறியிருக்கிறோம். அது பழைய புள்ளிகளையும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கும்; ஆனால் கையால் போடுவது சிரமம், கணினி வேண்டும்.

மற்ற மெஷின்களில் இன்னும் காகிதம்தான். புள்ளியைத் தன் கையால் வைக்கிற ஆபரேட்டர் அதன் ஓரத்திலேயே "கூலன்ட் மாற்றினேன்", "புது பார்" என்று எழுதிவிடுகிறார். ஒரு புள்ளி வெளியே போனால் நான் முதலில் படிப்பது அந்தப் பென்சில் வரியைத்தான்.