பக்க எண் அச்சிட்ட பைண்டிங் நோட்டு: பதினோரு மாத அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். போன வருஷம் ஒரு மாசக் கடைசியில், "ஒண்ணாந்தேதி ரேட் ஏறுதுங்க்கா" என்று புரோக்கர் போனில் சொன்னதை நம்பி, 30ஆம் நம்பர் கோம்டு நூல் நாலு டன் வாங்கிப் போட்டேன். ஒண்ணாந்தேதி கிலோவுக்கு 5 ரூபாய் இறங்கியது. 20,000 ரூபாய் போச்சு. பணத்தைவிட உறுத்தியது வேறு. ஏன் வாங்கினீங்க என்று முதலாளி கேட்டபோது எனக்கே காரணம் சொல்ல வரவில்லை.

அடுத்த வாரம் வாங்கியதுதான் இந்த நோட்டு. 200 பக்கம், கெட்டி அட்டை, நூல் தையல், 140 ரூபாய். பக்க எண் அச்சாகியிருப்பதற்காகவே இதை எடுத்தேன். தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். முன்பு எக்செலில் எழுதியபோது, தப்பிய கணிப்பைப் பின்னால் திருத்திவிடுவேன்.

50,000 ரூபாயைத் தாண்டும் எதுவும் ஆர்டர் சொல்வதற்கு முன் இதில் ஏறும். என்ன வாங்குகிறேன், ஏன், வேறு வழி என்ன இருந்தது. ரூபாய் எழுதக் கோடு போட்ட வலது பத்தியில், எத்தனை சதவீதம் நிச்சயம் என்று போடுவேன். கடைசி வரி: "இது ஊத்திக்கிச்சு. எதனால?" வேலை தொடங்கும் முன்பே அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு காரணம் தேடும் இந்த முறையை கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007இல் எழுதினார். மே மாதம் ஒரு நேவி ப்ளூ ஆர்டருக்கு அந்த வரியில் "ரிப் ஷேட் சேரல" என்று எழுதினேன், அதாவது கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியின் நிறம் பாடித் துணியோடு ஒத்துப்போகவில்லை என்று. எழுதிப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. பாடித் துணியையும் ரிப்பையும் ஒரே லாட்டில், ஒன்றாகவே சாயம் போடச் சொல்லி டையிங் பட்டறைக்கே நேரில் போய் நின்றேன்.

சதவீதத்தை அன்றே எழுதிவிட வேண்டும். 1972இல் நிக்சன் சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் போகும் முன், என்னென்ன நடக்கும் என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார் பாருக் ஃபிஷ்ஹாஃப். பயணம் முடிந்த பின் அவரவர் கணிப்பை நினைவிலிருந்து கேட்டால், நடந்தவற்றுக்கு, உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்பு முன்பே கொடுத்ததாகச் சொன்னார்கள். ஞாபகம் அப்படித்தான் நமக்குச் சாதகமாகச் சாய்கிறது. நான் 80 என்று போட்டது 23 தடவை. சரியாக வந்தது 14. இந்தக் கணக்கு நோட்டில் இல்லாவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். தப்பியவற்றில் பாதிக்கு மேல் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் போனில் முடித்தவை. இப்போது அந்த நேரத்தில் ரேட் பேசுவதில்லை, "காலைல சொல்றனுங்க" என்று வைத்துவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. ஜெல் பேனா மறுபக்கம் ஊறுகிறது, பால்பாயிண்ட்தான் சரி. ஏழாம் மாசமே முதுகுத் துணி விட்டுப்போய் பசை போட்டு ஒட்டினேன். பொருளடக்கத்துக்குத் தனிப் பக்கம் கிடையாது. முதல் மூன்று பக்கத்தை நானே ஒதுக்கிக்கொண்டேன்.

போன வாரம் இரண்டாவது நோட்டு வாங்கினேன். கட்டிங் மாஸ்டர் அண்ணனும் துணி ஆவரேஜ் (ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி என்ற கணக்கு) எழுத ஒன்று கேட்டார், சேர்த்தே வாங்கி வந்தேன்.