கடற்கரை வீட்டில் விண்வெளிக் கவர்கள்: ஆல்பமா, ஸ்லீவா, டப்பாவா?

விண்வெளிப் பயணங்களையொட்டி ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்திய அஞ்சல் உறைகளே விண்வெளிக் கவர்கள். அவற்றைச் சேர்ப்பவர்கள் எதில் வைப்பது என்பதற்கு, முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தோல் அட்டை போட்ட தடித்த ஆல்பம் வேண்டாம். பாலியெஸ்டர் ஸ்லீவ் (கவரைச் செருகும் தெளிவான பை), நான்கு பக்கமும் கிளிப் உள்ள பிளாஸ்டிக் டப்பா, ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஆகிய நான்கும் சேர்ந்த செட்டே போதும். மதுரையில் இருப்பவருக்கு இதில் பாதி தேவைப்படாது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் எதையும் விட முடியாது.

காரணம் காற்றில் வரும் உப்பு. சுத்தமான சமையல் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீர் விடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கும். வாலிநோக்கம் உப்பளத்துக் கல் உப்பைத் திறந்து வைத்தால் அடியில் நீர் கோத்துக்கொள்வது அதனால்தான். அலைத் திவலையோடு பறந்து வந்து தாளில் படிவதும் இதே உப்புதான். ஊரே காய்ந்து கிடக்கும் நாளிலும் உப்புப் படிந்த தாள் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். வாடை அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கத்து வீடுகளுக்கும், கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத்து வீடுகளுக்கும் தொல்லை கூடுதல். பாம்பன் தீவில் இருப்பவர்களுக்கு இரண்டும் உண்டு. ஈரப்பதம் 65-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதற்கும் மேலே போனால் பசையைத் தின்ன ராமபாணப் பூச்சி வரும்.

இவ்வளவு கவனம் எதற்கென்றால், பெரும்பாலான விண்வெளிக் கவர்களின் விலை தாளிலோ ஸ்டாம்பிலோ இல்லை, கையெழுத்தில் இருக்கிறது. ஜான் கிளென் பூமியைச் சுற்றிய 1962 பிப்ரவரி 20 அன்றே அமெரிக்க அஞ்சல் துறை 4 சென்ட் ‘புராஜெக்ட் மெர்க்குரி’ ஸ்டாம்பை வெளியிட்டது. ரகசியமாக அச்சடித்து 305 அஞ்சலகங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, பயணம் வெற்றி என்றதும் கட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். கேப் கனாவெரல் முத்திரை விழுந்த முதல் நாள் கவர்கள், அதாவது ஸ்டாம்ப் வெளியான அன்றே முத்திரை குத்தியவை, இன்றும் தாராளமாகவே கிடைக்கின்றன. கிளென் கையெழுத்து இருந்தால்தான் மதிப்பு. அப்போலோ 11 ‘இன்சூரன்ஸ்’ கவர்களும் அப்படியே. ஆம்ஸ்ட்ராங், காலின்ஸ், ஆல்ட்ரின் மூவரும் புறப்படுவதற்கு முன் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போனவை. திரும்பி வராவிட்டால் குடும்பம் விற்றுக்கொள்ளட்டும் என்பதே ஏற்பாடு. 1969 ஜூலை 16 அல்லது 20 முத்திரையோடு இருக்கும். ஆம்ஸ்ட்ராங் 1994-லேயே கேட்பவருக்கெல்லாம் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். மை கலைந்தால் கலைந்ததுதான்.

அந்த மையைக் கெடுப்பதில் முதலிடம் பிவிசி பைகளுக்கு. ஸ்டேஷனரிக் கடை ஆல்பங்களில் மெத்தென்று வளையும் பக்கங்கள் பெரும்பாலும் பிவிசிதான். புது ரெயின்கோட் மாதிரி ஒரு வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த மென்மைக்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர், நம் ஊர்ச் சூட்டில் மெல்ல வெளியே கசிந்து பால்பாயின்ட் மையை இளக்கும். சில வருடம் கழித்துக் கவரை உருவினால், கையெழுத்தின் நீலச் சாயல் தலைகீழாகப் பையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். ஃபெல்ட் டிப் மை என்றால் கோட்டைச் சுற்றி நிழல் பரவும். போதாததற்குப் பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேறு வரும்.

வாங்கியது பிவிசியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கரண்ட் வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியைக் கொறடால் பிடித்துத் தீயில் சிவக்கக் காய்ச்ச வேண்டும். சுடர் நிறமில்லாமல் எரியும் வரை காய்ச்சி, சூட்டோடு பையின் ஓரத்தில் தொட்டு, ஒட்டியதை மறுபடி தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, பிவிசி. புகை நல்லதல்ல, மொட்டைமாடியில் செய்யுங்கள்.

பாலியெஸ்டர் ஸ்லீவ், அதாவது மைலார் அல்லது மெலினெக்ஸ் வகை, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், கசக்கினால் சடசடக்கும். இதன் பெரிய பலமே இந்தத் தெளிவுதான். 10 மடங்கு லென்ஸை ஸ்லீவ் மேலேயே வைத்துக் கோட்டைப் பார்க்கலாம். நாசா அலுவலகத்தில் ஆட்டோபென் இயந்திரம் போட்ட கையெழுத்துகள் ஏராளம். தொடக்கத்திலும் முடிவிலும் அழுத்தமான புள்ளி, இடையில் ஒரே தடிமன், வளைவில் லேசான நடுக்கம் தெரிந்தால் சந்தேகப்படலாம். அதே விண்வெளி வீரரின் வேறொரு கையெழுத்தோடு அச்சாகப் பொருந்திவிட்டால் அது இயந்திரமேதான். மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதாது. பாலிப்ரொப்பிலீன் ஸ்லீவும் தாளுக்குப் பாதுகாப்பானதுதான், விலையும் குறைவு. ஆனால் லேசாகப் பனி படர்ந்தது போல இருக்கும், இந்தச் சோதனைக்கு ஆகாது. கையெழுத்தில்லாத கவர்களுக்கு அதுவே போதும். 1983-ல் எஸ்டிஎஸ்-8 என்ற விண்ணோடப் பயணத்தில் 2,60,000 வாக்கில் போய்வந்த கவர்களுக்கெல்லாம் மைலார் வாங்கினால் கட்டுப்படியாகாது.

இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்பதையும் பாருங்கள். அப்போலோ 15 குழுவினர் அனுமதியில்லாமல் கொண்டுபோன 398 கவர்களில், ஜெர்மனி வியாபாரி சீகருக்குப் போன நூற்றின் பின்புறத்தில் நோட்டரி சான்று இருக்கிறது. பின்பக்கம் வெள்ளை அட்டை ஒட்டிய ஸ்லீவில் அதைப் படிக்க முடியாது.

அளவில் நிறையப் பேர் தவறுகிறார்கள். அமெரிக்க முதல் நாள் கவர் பெரும்பாலும் 165 × 92 மி.மீ. ஸ்லீவின் உள்ளளவு 170 × 96 இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் செருகும்போது மூலை மடங்கும், அதிகம் தளர்ந்தால் கவர் உள்ளே ஆடித் தேயும். தடிமன் 75 மைக்ரான் சரி. 50 மைக்ரான் தொய்கிறது. 100 மைக்ரானின் மூலை கையையே கீறும். ஒரு குறை உண்டு: பாலியெஸ்டர் நிலைமின்சாரத்தால் தூசியை இழுக்கும். செருகும் முன் சுத்தமான பருத்தித் துணியால் உட்புறத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

செருகும் முன் கவரின் உள்ளே பாருங்கள். விறைப்புக்காக வைத்த பழைய அட்டை இருந்தால் எடுத்துவிட வேண்டும். அந்த அமில அட்டைதான் முன்பக்கத்தில் செவ்வகமாகப் பழுப்பு ஏற்றுகிறது. ஒட்டாத மடிப்பு என்றால், ஈரத்தில் தானாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பசைக்கும் தாளுக்கும் நடுவே விரலகலப் பாலியெஸ்டர் துண்டு ஒன்றை வைக்கவும்.

அடுத்து டப்பா. மூடியைச் சுற்றி சிலிகான் வளையம் உள்ள, 10 லிட்டர் அளவிலான பாலிப்ரொப்பிலீன் சாப்பாட்டு டப்பா போதும். ஜெல் எவ்வளவு என்பதில்தான் குழப்பம். மருந்துப் பாட்டிலில் வரும் ஒரு கிராம் பொட்டலங்கள் நாலைந்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், 10 லிட்டர் காற்றில் இருப்பது கால் கிராம் தண்ணீர்தான். அதற்கு அந்தப் பொட்டலம் போதும். ஆனால் தண்ணீர் தாளில் இருக்கிறது. உள்ளே இருக்கும் தாள் ஒரு கிலோ என்று வையுங்கள். அதை 50 சதவீத நிலைக்குக் கொண்டுவர 30 முதல் 40 கிராம் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அந்த நிலையில் ஜெல் தன் எடையில் கால் பங்கு வாக்கில் பிடிக்கும். ஆக, சற்றுத் தாராளமாகவே, கிலோவுக்கு 200 கிராம் ஜெல் வேண்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் போட்டால் காற்று சடாரென்று காய்ந்து கவர் சுருளும், ஸ்டாம்பின் ஓரம் தூக்கும். வாரம் 50 கிராமாக, துணிப்பையில் கட்டிச் சேர்ப்பது நல்லது. ஸ்லீவின் ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஆரஞ்சு ஜெல் பச்சையானால் தீர்ந்தது என்று அர்த்தம். 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் நிறம் திரும்பும். 150-ஐத் தாண்டினால் நிறச் சாயம் கருகி, பிறகு எப்போது காய்ந்தது என்றே தெரியாது. அடுப்பில் வறுப்பதானால் அதற்கென்று தனிச் சட்டி வையுங்கள், சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. வீட்டுக்கு வேண்டாம்.

மலிவு ஹைக்ரோமீட்டர்கள் பொய் சொல்லும், ஆனால் ஒரே அளவில் பொய் சொல்லும். பாட்டில் மூடியில் பாக்கெட் தூள் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் எப்போதும் 4 கழித்துப் படியுங்கள். இதற்கு உப்பளத்துக் கல் உப்பு உதவாது, மக்னீசியம் கணக்கைக் கெடுத்துவிடும். சரிபார்த்த மீட்டரைக் காய்ந்த ஜெல்லோடு காலி டப்பாவில் ஒரு வாரம் வைத்தால் டப்பாவின் தரமும் தெரிந்துவிடும். தினமும் எண் ஏறிக்கொண்டே போனால் மூடி கசிகிறது, மாற்றுங்கள்.

பாச்சை உருண்டை டப்பாவுக்குள் கூடவே கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் மையையும் பாதிக்கும். கையெழுத்து அசல் என்று சொல்லும் நம்பகச் சான்றிதழைக் கவரோடு ஒரே ஸ்லீவில் போடாதீர்கள், ஸ்டேப்ளர் பின் இருந்தால் கழற்றிவிடுங்கள்; இந்தக் காற்றில் துருப்பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். லேமினேஷன் பற்றிப் பேசவே வேண்டாம். டப்பாவை இரும்பு பீரோவில் வைப்பதானால் கடல் பார்த்த சுவரை விட்டு உள்சுவரை ஒட்டிய பீரோவாகப் பார்த்து, தரைத் தட்டைத் தவிர்த்து வையுங்கள்.

கேமராக்காரர்கள் வாங்கும் மின்சார டிரை கேபினட், அதாவது ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் அலமாரி, இதையெல்லாம் தானே செய்யும். முந்நூறு கவருக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். லென்ஸுக்கு வைக்கும் 35 சதவீத ஈரப்பதத்தில் விடாமல் 50-ல் நிறுத்த வேண்டும், கதவு ரப்பரையும் கீல்களையும் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் உப்புப் போகத் துடைக்க வேண்டும். ராகேஷ் சர்மா பறந்த 1984 ஏப்ரல் 3-ல் வந்த 3 ரூபாய் ஸ்டாம்ப் கவர், ஒன்றிரண்டு மெர்க்குரி கவர் என்று தொடங்குகிறவர்கள் அந்தப் பணத்தில் இன்னொரு நல்ல கையெழுத்தையே வாங்கிவிடலாம்.