தண்ணீர், காகிதம், ஈரப்பதம்: சென்னை மாடியில் சயனோடைப், வான்டைக், சால்ட் பிரிண்ட் அனுபவம்

சில வருடங்களாக மொட்டை மாடி வெயிலையும் ஒரு குளியலறையையும் வைத்துக்கொண்டு கையால் படம் அச்சிட்டு வருகிறேன். பெரும்பாலும் இரும்பு உப்புகளால் நீலப் படம் தரும் சயனோடைப், அவ்வப்போது இரும்போடு வெள்ளியும் சேர்ந்து பழுப்புப் படம் தரும் வான்டைக் பிரவுன், கையில் காசு இருக்கும்போது உப்பும் வெள்ளியும் வைத்துச் செய்யும் சால்ட் பிரிண்ட். ஆரம்பிக்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கெமிக்கல் எங்கே கிடைக்கும், ஃபார்முலா என்ன என்பதுதான். என் அனுபவத்தில் அது இரண்டும் சுலபமான பகுதி. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவைத்த ஃபார்முலாக்கள் இங்கேயும் அப்படியே வேலை செய்கின்றன. அவர்கள் ஊர்த் தண்ணீரும் காகிதமும் காற்றும்தான் இங்கே இல்லை. படம் கெடுவது அங்கேதான்.

முதலில் சயனோடைப். 1842-ல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. இன்று பரவலாகப் புழங்கும் கலவை இது: 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் ஒரு பாட்டில், 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு இன்னொரு பாட்டில். வேண்டும்போது இரண்டையும் சம அளவு கலந்து, காகிதத்தில் பிரஷ்ஷால் பூசி, இருட்டில் காயவைத்து, நெகட்டிவை மேலே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் இரும்பு ஃபெரிக் நிலையிலிருந்து ஃபெரஸ் நிலைக்கு மாறி, ஃபெரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. படாத இடத்துக் கெமிக்கல் தண்ணீரில் கரைந்து போய்விடும். டெவலப்பரும் வேண்டாம், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவும் வேண்டாம். பூசும் அறையில் மஞ்சள் நிற குண்டு பல்பு ஒன்று எரிந்தால் ஒன்றும் ஆகாது. எட்டுக்குப் பத்து அங்குலப் படத்துக்கு 2 மில்லி போதும் என்பதால் இரண்டு பாட்டிலும் சேர்ந்து நூறு படம் வரை வரும்.

பெயரில் 'சயனைடு' இருப்பதால் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதற்குத் தயாராக இருங்கள். ஃபெரிசயனைடில் சயனைடு இரும்போடு இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது, சாதாரணமாகக் கையாளும்போது பிரிந்து வராது. ஆனால் வீரியமான அமிலத்தோடு கலக்கவோ சூடாக்கவோ கூடாது. டாய்லெட் ஆசிட் இருக்கும் அலமாரியில் நான் இதை வைப்பதில்லை. சமையல் பாத்திரம், கரண்டி எதையும் இந்த வேலைக்கு எடுப்பதும் இல்லை. பாரிமுனைப் பக்கம் லேப் கெமிக்கல் விற்கும் கடைகளில் இரண்டும் கிடைக்கும், எதற்கு என்று கேட்டால் ப்ளூ பிரிண்ட் போட என்று சொல்வேன். கட்டட வரைபடங்கள் ஒரு காலத்தில் இதே முறையில்தான் நகலெடுக்கப்பட்டன என்பதால் வயதான கடைக்காரருக்கு உடனே புரிந்துவிடும். சிட்ரேட் கரைசலில் பூஞ்சை பிடிக்கும் என்பது மட்டும் நம்மூர்ச் சூட்டில் பெரிய தொல்லை. நான் சின்னப் பாட்டிலாக, தேவைக்குத் தகுந்தபடிதான் கரைக்கிறேன்.

சரி, இப்போது தண்ணீர். எங்கள் பகுதியில் போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளைப் படிவு விட்டுப் போகும் ரகம். பிரஷ்யன் நீலத்துக்கு காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்டது, ஆகாது. காரத்தன்மை உள்ள தண்ணீரில் கழுவினால் வெயிலில் நன்றாக ஏறியிருந்த நீலம் ட்ரேயில் கண் முன்னாலேயே வெளிறி, ஓரங்களில் மஞ்சள் தட்டும். புதிதாக வருபவர் வெயில் போதவில்லை என்று நினைத்து அடுத்த காகிதத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் கூட்டுவார். அதனால் எந்தப் பயனும் இல்லை. முதல் கழுவலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டால் பிரச்சினை பெருமளவு தீரும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று பொட்டலமாகக் கிடைப்பது அதுதான். அதில் சில நிமிடம், அப்புறம் ஆர்ஓ தண்ணீரில் இரண்டு மூன்று முறை மாற்றி, வெள்ளைப் பகுதியில் மஞ்சள் போகும் வரை. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் பிடித்து வைப்பவர்கள் அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். உப்பெல்லாம் சேர்ந்து கிடப்பது அதில்தான்.

இருப்பதிலேயே நல்லது மழைத் தண்ணீர். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்தடுத்த மழையில் மாடிக் குழாயிலிருந்து டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் மாதக்கணக்கில் வரும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் இருக்கும், வெயில் இருக்காது. வெயில் காலத்தில் டிரம் காலியாகிவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சந்திக்க வைப்பதே தனி வேலை.

காகித விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும். ஓவியக் கடையில் 'ஆசிட் ஃப்ரீ' என்று போட்டு விற்கும் வாட்டர்கலர் தாள்களில் பெரும்பாலானவற்றில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். ஓவியத்துக்கு அது ஆயுள் தரும். சயனோடைப்புக்கு அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும் காரம். தாளின் மூலையில் வினிகரோ கெட்டியான சிட்ரிக் ஆசிட் கரைசலோ ஒரு சொட்டு விட்டால் நுண்ணிய குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால் அந்தத் தாளை 10 சதவீத சிட்ரிக் ஆசிடிலோ சல்ஃபாமிக் ஆசிடிலோ குமிழி அடங்கும் வரை ஊறவைத்து, அலசி, காயவைத்த பிறகு பூச வேண்டும். இந்தத் தலைவலியே இல்லாமல் இருக்க ஆர்ச்சஸ் பிளாட்டீன், ஹானமூலே பிளாட்டினம் ராக் என்று இந்த வேலைக்கென்றே கார்பனேட் சேர்க்காமல் செய்யும் தாள்கள் உண்டு. பயன்படுத்தியிருக்கிறேன். அருமையாக இருக்கின்றன. ஒரு தாளின் விலையைப் பார்த்தால் பிரஷ் வைக்கவே கை நடுங்கும் என்பதுதான் குறை.

அன்றாடத்துக்கு நான் எடுப்பது பருத்திக் கந்தலில் செய்யும் நம்மூர்க் கைக்காகிதம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விதவிதமாகப் பார்த்து வாங்கலாம். ஒரு கட்டு அற்புதமாக வரும், அதே பெயரில் அடுத்த கட்டு கரைசலை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிவிடும். ஆகவே பிடித்த கட்டு கிடைத்தால் மொத்தமாக வாங்கி வைத்துவிடுவேன். உறிஞ்சும் தாளுக்கு 2 சதவீத ஜெலட்டின் கரைசல் ஒரு பூச்சு கொடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். காகிதமே வேண்டாம் என்றால் காடா துணியைக் கஞ்சி போகத் துவைத்துப் பயன்படுத்திப் பாருங்கள். நீலம் அதில் இன்னும் ஆழமாக ஏறும். அந்தத் துணியைச் சோப்புப் பொடியில் போட்டுவிட்டால் மட்டும் படம் கிடையாது. காரணம் மேலே சொன்ன அதே காரம்.

நெகட்டிவ் பற்றிச் சுருக்கமாக. இது தொட்டு அச்சிடும் முறை, படம் எந்த அளவோ நெகட்டிவும் அதே அளவு. டிஜிட்டல் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி, இன்க்ஜெட் பிரிண்டரில் அதற்கான ஃபிலிமில் எடுக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் ஓஹெச்பி ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்தால் கறுப்பில் ஊசித்துளைகள் தெரியும். கோட்டோவியத்துக்கும் கோலத்துக்கும் போதும், முகத்துக்குப் போதாது. நெகட்டிவே இல்லாமல் இலை தழைகளை வைத்து எடுப்பதும் உண்டு. 1843-லேயே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்சிட்டுப் புத்தகமாக்கத் தொடங்கிவிட்டார். முருங்கைக் கொத்து இதற்கு அழகாக வரும். ஆனால் இன்று எங்கே பார்த்தாலும் நீலத்தில் வெள்ளை இலை என்று ஆகிவிட்டதால் எனக்கு அதில் ஆர்வம் விட்டுப்போய்விட்டது.

வெயிலைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு. சித்திரை வைகாசி நடுப்பகலில் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். மஞ்சள் பச்சையாக இருந்தது நீலமாகி, அப்புறம் நிழற்பகுதிகள் சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்குத் திரும்பும். கெட்டுவிட்டது என்று தோன்றும் அந்தக் கட்டத்தில்தான் எடுக்க வேண்டும், தண்ணீரில் நீலம் திரும்பி வரும். ஆனால் அந்தச் சூட்டுக்கு வேறு விளைவும் இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிகிறது. அது இன்க்ஜெட் நெகட்டிவில் பட்டால் மை கரைந்து படத்தில் ஒட்டும், நெகட்டிவும் போச்சு. ஹேர் டிரையரால் குளிர்ந்த காற்றில் நன்றாகக் காயவைப்பதும், நெகட்டிவுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் ஷீட் வைப்பதும் உதவின. துல்லியம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. பூசிய தாளை அடுத்த நாளுக்கு வைத்திருக்கலாம் என்று எழுதியிருப்பவர்கள் சென்னைக் காற்றில் வாழ்ந்தவர்கள் இல்லை. இங்கே அன்றைக்கே அச்சிடாவிட்டால் வெள்ளைப் பகுதியில் நீலம் கசியத் தொடங்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு யூவி டியூப் வைத்த ஒரு பெட்டி செய்துகொண்டேன். சூடு குறைவு, நேரம் ஒவ்வொரு முறையும் ஒன்றே, மழைக்காலத்திலும் அச்சிடலாம். இத்தனை வெயில் இருக்கும் ஊரில் கரண்டில் அச்சிடுகிறாயே என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

வான்டைக் பிரவுன் பற்றி என் கருத்து கலவையானது. 100 மில்லி கலவைக்கு 9 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், 1.5 கிராம் டார்டாரிக் ஆசிட், 3.8 கிராம் சில்வர் நைட்ரேட். கலந்த பிறகும் பழுப்புப் பாட்டிலில் மாதக்கணக்கில் நிற்கும் என்பது பெரிய வசதி. ஹைப்போவில் போட்டதும் காவி நிறம் ஆழ்ந்த பழுப்பாக மாறுவதும் காய்ந்த பின் இன்னும் கறுப்பதும் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. ஹைப்போ 3 சதவீதத்துக்கு மேல் போனால் அதே பழுப்பு கரைந்து ஓடும். முதல் கழுவல் லேசான அமிலத்தில் இல்லாவிட்டால் இரும்பு உள்ளேயே தங்கி, நாளடைவில் வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். நம் ஈரக்காற்றில் அது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. ஆரம்பத்தில் எடுத்த வான்டைக் படங்களில் பாதியை யாருக்கும் காட்ட மாட்டேன்.

சால்ட் பிரிண்ட் வேறு ஜாதி. 2 சதவீத உப்புக் கரைசலில் தாளை ஊறவைத்துக் காயவைத்து, அதன் மேல் 12 சதவீத சில்வர் நைட்ரேட் பூச வேண்டும். ஃபோட்டோகிராஃபியின் ஆங்கிலேய முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1830-களில் உருவாக்கிய வழி. படத்தை நிலைநிறுத்த ஹைப்போவைப் பயன்படுத்தலாம் என்று அவருக்குச் சொன்னவரும் நம் ஹெர்ஷல்தான். நடுத்தர டோன்கள் அத்தனை மென்மையாக வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. நம்மூர்க் கோயில்களை 1858-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் மெழுகேற்றிய காகித நெகட்டிவில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே காட்சியாக்கினார். காகிதத்தையும் வெள்ளியையும் இதே வெக்கையில் மேய்த்த ஒருவர் அதைச் செய்தார் என்பது, சில்வர் நைட்ரேட்டோடு கொஞ்சம் மல்லுக்கட்டிய பிறகுதான் முழுதாக உறைக்கிறது. போர் தண்ணீரில் குளோரைடு அதிகம், அதனால் முதல் கழுவலில் தட்டு முழுக்கப் பால் மாதிரி வெளுக்கும். கரைசல் செய்ய டிஸ்டில்டு வாட்டர் தவிர எதையும் தொடாதீர்கள். கையில் பட்ட கறை தோல் உரியும் வரை போகாது, கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெள்ளி விலை ஏற ஏற இந்த ஆசை வருடத்துக்குச் சில படம் என்று சுருங்கிவிட்டது.

பிசினில் வண்ணம் கலந்து அச்சிடும் கம் பைக்ரோமேட் முறையை ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள். அதில் பல வண்ணம் வரும், கருவேலம் பிசினும் வாட்டர்கலரும் போதும், எல்லாம் உண்மை. ஆனால் அதன் டைக்ரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கழிவு நீர் எங்கே போகிறது என்று தெரியாத ஒரு வீட்டில் அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. பழைய வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஊர்களில் குரோமியம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் செய்ததைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதற்குப் பதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் கடுக்காய். சயனோடைப்பை நீலத்திலிருந்து கறுப்புக்குக் கொண்டுபோக மேல்நாட்டில் டீயும் காபியும் சொல்வார்கள். இவற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகும், அவ்வளவுதான் வேதியியல். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்பு வருவதும் இதே காரணத்தால். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தோலை வாங்கிக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறிய பிறகு படத்தைப் போடுகிறேன். முன்னதாக மிகவும் நீர்த்த சலவை சோடாவில் நீலத்தைக் கொஞ்சம் வெளிறவைத்து, அலசிவிட்டுப் போட்டால் கறுப்பு ஆழமாக ஏறும். தாளின் வெள்ளை சற்று மஞ்சளாகும். டீ தரும் அழுக்குப் பழுப்பைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது.

நீடிப்பு எப்படி? ஜன்னலுக்கு எதிரே மாட்டிய ஒரு சயனோடைப் சில மாதங்களில் வெளிறியது. கழற்றி இருட்டான டிராயரில் வைத்தேன், நீலம் பெருமளவு திரும்பிவிட்டது. பிரஷ்யன் நீலத்தின் இந்தக் குணம் வேறு எந்த அச்சுக்கும் இல்லாத வரம். திரும்பாதது காரத்தால் கெட்டது. ஒரு ஃபிரேம் கடையில் படத்தோடு சேர்த்துப் போட்டுத் தந்த அட்டையான மவுண்ட் போர்டு தொட்டுக்கொண்டிருந்த ஓரம் முழுக்க மங்கிப் போனது, கார்பனேட் சேர்த்த போர்டு அது. இப்போது போர்டையும் நானே சோதித்துக் கொடுக்கிறேன். மழைக்காலத்தில் ஜெலட்டின் பூசிய தாளில் பூஞ்சை வரும் என்பதால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்வேன்.

புதிதாகத் தொடங்குபவர் சயனோடைப்பின் இரண்டு கெமிக்கல்களையும் சிறிய அளவில் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தைக் காகிதத்தில் போடலாம். வெள்ளி சேர்ந்த முறைகளுக்கு அவசரமே இல்லை. அதில் இறங்கினால் பயன்படுத்திய ஹைப்போவைத் தனி கேனில் சேர்த்து வையுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். எனக்கு அடுத்து இருக்கும் ஆசை 1990-களில் பிரிட்டிஷ் வேதியியலாளர் மைக் வேர் மாற்றியமைத்த புது சயனோடைப். வெயில் நேரம் குறைவு, கழுவும்போது நீலம் அதிகம் ஓடாது என்கிறார்கள். அதற்கு வேண்டிய அமோனியம் ஃபெரிக் ஆக்சலேட்டை நான் கேட்ட கடைகளில் யாரும் வைத்திருக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.