மட்கும் பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள் சணலா, கண்ணாடி இழையா?

எஃகுத் தண்டின் மேல் சறுக்கும் ஒரு சின்ன புஷ் (தண்டைச் சுற்றி உட்காரும் குழல் போன்ற உறை), மட்கக்கூடிய பிளாஸ்டிக்கில் வேண்டியிருந்தது. அடிப்படைக் கலவையில் எனக்குக் குழப்பமில்லை: நிறைய பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம் என்ற விறைப்பான மட்கும் பிளாஸ்டிக்), கொஞ்சம் பி.பி.ஏ.டி. (நெகிழ்வான இன்னொரு மட்கும் பிளாஸ்டிக்). பி.எல்.ஏ. தனியாகவே 50 முதல் 70 மெகாபாஸ்கல் வரை இழுவிசை தாங்கும். ஆனால் சில சதவீதம் நீள்வதற்குள் படக்கென்று உடையும். பி.பி.ஏ.டி. அதற்கு நேரெதிர், இழுத்தால் பல மடங்கு நீளும். இரண்டும் தாமாகக் கலக்காது என்பதால் இரண்டையும் பிணைக்கும் எபாக்சி வகை வேதிப்பொருள் கொஞ்சம் சேர்க்க வேண்டும். மிச்சமிருந்த கேள்வி உள்ளே போடும் இழை பற்றியது.

வலிமையில் கண்ணாடி இழைதான் முன்னால், அதில் பேச்சே இல்லை. அதன் விறைப்பு 70 கிகாபாஸ்கலை ஒட்டி வரும், சணல் அதில் பாதிகூடத் தேறாது. போதாக்குறைக்கு சணல் ஈரத்தை உறிஞ்சும், 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கருகத் தொடங்கும். காரக் கரைசலில் அலசி, நன்றாக உலர்த்திப் போட்டால்தான் கலவையோடு ஓரளவு பிடிப்பு வரும். எடை குறைவு என்பது மட்டும் சணலுக்கு ஆறுதல்.

இருந்தும் நான் சணலைத்தான் எடுத்தேன். காரணம் தேய்மானம்.

சறுக்கும் இடத்தில் இழை எவ்வளவு வலுவானது என்பதைவிட, பிடுங்கி வந்த பிறகு அது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். எந்த இழையானாலும் கொஞ்சமாவது பிடுங்கி வரத்தான் செய்யும். பி.எல்.ஏ. 55-60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். புஷ்ஷைத் தொட்டால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் உரசும் முகத்தில் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். பிடி தளர்ந்த கண்ணாடி இழை நொறுங்கித் தூளாகி, இரண்டு பரப்புக்கும் நடுவே உப்புத்தாள் வேலை பார்க்கும். இரண்டு கலவையிலும் ஊசி போன்ற சிறு துண்டு செய்து, எஃகுத் தட்டின் மேல் உரசவிட்டுச் சோதித்தேன். சோதனைக்குப் பின் தட்டை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு லென்ஸில் பார்த்தேன். கண்ணாடி ஓடிய தடத்தில் மெல்லிய கீறல்கள். சணல் ஓடிய தடத்தில் பழுப்பு நிறப் படலம் ஒன்று ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் வந்தது, அடியில் எஃகு பளபளப்பாகவே இருந்தது. புஷ்ஷை மாற்றுவது எளிது. தண்டை மாற்றுவது அப்படியல்ல.

இங்கே ஒரு பொறி உண்டு, நானும் விழுந்தேன். முதல் சுற்றில் சணல் ஊசி, தேய்ந்த பிறகு முன்னைவிட அதிக எடை காட்டியது! காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்திருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு முறையும் உலர்த்தி, குளிரவிட்டு, பிறகே எடை பார்த்தேன். எடை இழப்பை அப்படியே ஒப்பிடவும் கூடாது. கண்ணாடிக் கலவை அடர்த்தி கூடியது, ஒரே எடை போனாலும் அதில் போன கன அளவு குறைவு. அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால்தான் நியாயம். அப்படிப் பார்த்தபோது இரண்டு ஊசிகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆகவே சணல்தான் குறைவாகத் தேய்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். எதிரே உரசும் எஃகுப் பரப்பை அது காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

மட்கும் விஷயம் சொல்லவே வேண்டாம். உரக்குழியில் சணல் போய்விடும், கண்ணாடி அப்படியே கிடக்கும். சரி, பி.எல்.ஏ.வும் வீட்டுக் குப்பைக்குழியில் லேசில் மட்காது, 58 டிகிரியை ஒட்டிய தொழிற்சாலை உரக்கூடம் வேண்டும்.

நான் ஓட்டியதெல்லாம் உலர்ந்த நிலையில், குறைந்த சுமையில், மெதுவான வேகத்தில். தண்ணீர் படும் இடத்துக்கு இந்த முடிவை எடுத்துப்போக வேண்டாம். அங்கே சணல் ஊதும், பி.எல்.ஏ.வின் சங்கிலிகளும் ஈரத்தில் மெல்ல அறுபடும். இழையைப் பற்றி யோசிப்பதற்கு முன் கலவையையே மாற்ற வேண்டியிருக்கும்.